சித்திரக்குள்ளர்களைக் கைது செய்த அரசு

போலந்தின் தென்மேற்கில், ஓடர் ஆற்றங்கரையில் இருக்கிறது வ்ரோத்ஸ்வாஃப் நகரம். அங்கே சுற்றுலா வருகிறவர்கள் தேவாலயக் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து தரையைத் தேடுவதுதான் அதிகம். முழங்கால் உயரம்கூட இல்லாத வெண்கலச் சித்திரக்குள்ளர்கள் நூற்றுக்கணக்கில் அந்த ஊர்த் தெருக்களில் நிற்கிறார்கள். ஒருவர் ஆற்றோரம் துணி துவைக்கிறார். இருவர் ஓர் உருண்டைக் கல்லை ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து எண்ணிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னாலேயே பெற்றோர் படம் எடுக்கிறார்கள்.

ஸ்விட்னிட்ஸ்கா தெருவில், சுரங்க நடைபாதைக்கு அருகில் நிற்கும் குள்ளர் மட்டும் மற்றவர்களைவிட உருவத்தில் பெரியவர், வயதிலும் மூத்தவர். 2001இல் வைக்கப்பட்டவர். சுற்றுலாவுக்காக நகராட்சி குள்ளர்களை நிறுவத் தொடங்கியதெல்லாம் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். இந்த மூத்தவர் நிற்கும் இடத்தைச் சுற்றித்தான் 1987இல் கூம்புத் தொப்பி போட்ட மனிதர்களைப் போலீஸ்காரர்கள் பிடித்து வேனில் ஏற்றினார்கள். 'ஆரஞ்சு மாற்று' என்று தங்களை அழைத்துக்கொண்ட அந்தக் கூட்டத்தின் நினைவுச் சின்னம் அது.

அவர்களுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. சந்தா, கொடி, செயற்குழு எதுவும் கிடையாது. ஆட்சியாளரைக் கிண்டல் செய்தவர்கள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். கேலிச் சித்திரம் வரைந்தவர்கள், நாடகம் போட்டவர்கள், மேடையில் பேசியவர்கள் என்று அந்த வரிசை நீளமானது. ஆனால் கேட்டுச் சிரித்துவிட்டுக் கலையும் கூட்டத்தையே அந்தக் கிண்டலின் பாத்திரங்களாக மாற்றித் தெருவில் நடக்க வைத்தவர்கள் அரிது. வ்ரோத்ஸ்வாஃபின் இளைஞர்கள் அதைச் செய்தார்கள். அதை எப்படிச் செய்தார்கள் என்பது எந்த நாட்டுக் குடிமகனும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

சுவரில் ஒரு திட்டு

1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தத்திலிருந்து சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது. ஓராண்டுக்குள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பிடிக்கு வெளியே, தொழிலாளர் பெயரால் ஆளும் அரசைத் தொழிலாளர்களே எதிர்த்து நின்ற அமைப்பு அது. 1981 டிசம்பர் 13ஆம் தேதி ஆட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். தொலைபேசிகள் ஊமையாயின. தெருக்களில் டாங்கிகள் வந்து நின்றன. ஆயிரக்கணக்கானோரை விசாரணையின்றி அடைத்தார்கள். மூன்றே நாளில், டிசம்பர் 16ஆம் தேதி, வூயெக் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது சுட்டதில் ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள்.

வாய்க்குப் பூட்டுப் போட்டால் கை பேசும். இரவில் சுவர்களில் சாலிடாரிட்டியின் பெயரும் அரசுக்கு எதிரான வாசகங்களும் முளைத்தன. விடிந்ததும் பெயின்ட் வாளியோடு ஆட்கள் வந்து அவற்றின்மேல் பூசி மறைத்தார்கள். சுவரின் நிறமும் பூசிய நிறமும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. அதனால் ஊர் முழுக்கச் சுவர்களில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுகள். கீழே என்ன எழுதியிருந்தது என்பது வழிப்போக்கர் அத்தனை பேருக்கும் தெரியும். அழித்தவனும் தன்னை அறியாமல் அந்த வாசகத்தை நினைவூட்டிக்கொண்டே இருந்தான்.

1982 ஆகஸ்ட் 30ஆம் தேதி இரவு, ஆரஞ்சு மாற்றை நண்பர்களோடு தொடங்கிய வால்டெமர் ஃபிட்ரிஹும் அவருடைய நண்பர் வியெஸ்வாஃப் ட்சுபாவாவும் வ்ரோத்ஸ்வாஃபின் புறநகர்த் தெருக்களில் அப்படிப்பட்ட திட்டுகளைத் தேடிப் போனார்கள். மின்மாற்றி அறை ஒன்றின் சுவரிலிருந்த திட்டின்மேல் ஒரு சித்திரக்குள்ளனை வரைந்தார்கள். கூம்புத் தொப்பி, கையில் ஒரு பூ, உருண்டை முகம். சிறுவர் புத்தகத்தில் வருவதுபோல நாலைந்து கோடுகளில் முடிந்துவிடும் படம். அதில் அரசைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மறுநாள் ஆகஸ்ட் 31, சாலிடாரிட்டி பிறக்க வழிவிட்ட க்தான்ஸ்க் ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு. நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். வ்ரோத்ஸ்வாஃபுக்கு வடமேற்கே இருக்கும் லூபின் என்ற தாமிரச் சுரங்க ஊரில் போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்தார்கள். இந்தக் குள்ளர் படத்தை நினைக்கும்போதெல்லாம் அந்த மூன்று பேரையும் சேர்த்தே நினைக்க வேண்டும். குண்டுக்கு அஞ்சி விளையாட்டுக்கு ஒதுங்கியவர்களின் வேலை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அந்த நாட்களில் இரவு வீதியில் பெயின்ட் டப்பாவோடு பிடிபட்டாலே சிறைதான்.

அடுத்த மாதங்களில் வார்சா, கிராக்கோவ், வூச், க்தான்ஸ்க் என்று பல ஊர்களின் சுவர்களில் குள்ளர்கள் தோன்றினார்கள். மொத்தம் ஆயிரத்துக்கு மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். வூச் நகரில் வரைந்துகொண்டிருந்தபோது ஃபிட்ரிஹ் பிடிபட்டார். காவல் நிலையத்தில் அவர் சொன்ன விளக்கம் புகழ்பெற்றது. சுவரில் எழுதிய வாசகம் கருத்து. அதை மறைத்த திட்டு எதிர்க்கருத்து. திட்டின்மேல் வரைந்த குள்ளன் இரண்டும் இணைந்து பிறந்த புதுக் கருத்து. ஆகவே தான் செய்வது இயங்கியல் ஓவியம். மார்க்சியப் பாடம் படிக்காமல் யாரும் அன்றைய போலந்தில் அதிகாரி ஆகியிருக்க முடியாது. தங்கள் பாடப் புத்தகத்தின் மொழியிலேயே பதில் வரும்போது அதை எந்தப் பிரிவில் குற்றமாக எழுதுவது?

மேஜர்

ஃபிட்ரிஹ் 1953இல் பிறந்தவர். வ்ரோத்ஸ்வாஃப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் கலை வரலாறும் படித்தவர். ஊரில் எல்லோரும் அவரை 'மேஜர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். கட்டாய ராணுவச் சேவைக்கான தேர்வுக்கு மேஜர் சீருடையில் போய் நின்றாராம். பரிசோதித்த மருத்துவரை 'கர்னல்' என்று மரியாதையாக விளித்து, ராணுவத்தில் சேரத் துடிப்பதாகப் பேசினாராம். மனநிலை சரியில்லை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

1981இல், மாணவர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 'ஆரஞ்சு மாற்று' என்ற பெயரில் ஒரு சிறு பத்திரிகையை இவரும் நண்பர்களும் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு 'சோஷலிச சர்ரியலிசம்' என்ற பெயரில் ஓர் அறிக்கையும் எழுதினார் மேஜர். கட்சி அங்கீகரித்த கலைக்கு அங்கே சோஷலிச யதார்த்தவாதம் என்று பெயர். யதார்த்தமே கனவுபோலத் தாறுமாறாகக் கிடக்கும் நாட்டில் சர்ரியலிசம்தான் உண்மையான யதார்த்தம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். தெருவில் நிற்கும் போலீஸ்காரர்கூட ஒரு கலைப்படைப்புதான் என்ற அளவுக்குப் போனார்.

இந்த விதை வ்ரோத்ஸ்வாஃபில் முளைத்ததற்கு அந்த ஊரின் மண்ணும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1945 வரை அது ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மானிய நகரம். போருக்குப் பிறகு ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். போலந்தின் வேறு பகுதிகளிலிருந்தும், சோவியத் வசம் போன கிழக்குப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் குடியேறினார்கள். தாத்தா காலத்து வீடு என்று யாருக்கும் எதுவும் இல்லாத ஊர். மாணவர்கள் நிறைந்த ஊர். ஜெர்சி க்ரோடோவ்ஸ்கி தன் நாடகக் குழுவை வைத்து நடிகனுக்கும் பார்வையாளனுக்கும் நடுவிலிருந்த கோட்டை அழித்துப் பார்த்த ஊரும் அதுதான். அந்தக் கோட்டை அரங்கத்துக்கு வெளியே, நடுத்தெருவில் அழித்தார் மேஜர்.

மாலை நான்கு மணி, கடிகாரத்தடியில்

1986 செப்டம்பரில் அரசு அரசியல் கைதிகளை விடுவித்தது. பொருளாதாரம் நொடித்துக் கிடந்தது, மாஸ்கோவில் கோர்பச்சேவ் வந்துவிட்டார், மேற்கு நாடுகளிடம் கடன் கேட்க வேண்டியிருந்தது. சின்னக் குற்றத்துக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் உள்ளே தள்ளும் தெம்பு அரசுக்குக் குறைந்திருந்தது. ஆனால் மக்கள் இன்னும் பயந்துதான் இருந்தார்கள். சாலிடாரிட்டியின் ரகசியக் கூட்டங்களுக்கும் தேவாலயத் திருப்பலிகளுக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் மனதில் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். மற்றவர்கள் கடை வரிசையில் நின்றார்கள், வீட்டுக்குப் போனார்கள். இறைச்சிக்கு ரேஷன் இருந்தது. கழிப்பறைக் காகிதம் கிடைத்த நாள் நல்ல நாள். சுருள்களைக் கயிற்றில் கோத்து மாலையாகத் தோளில் போட்டுக்கொண்டு மக்கள் வீடு திரும்பும் காட்சி அந்தக் காலப் புகைப்படங்களில் இருக்கிறது.

ஆரஞ்சு மாற்று அந்தக் கழிப்பறைக் காகிதத்தையே கையில் எடுத்தது. 1987 அக்டோபரில் ஸ்விட்னிட்ஸ்கா தெருவில் போவோர் வருவோருக்கு ஆளுக்கொரு தாள் வீதம் கொடுத்தார்கள். இருப்பதைச் சமமாகப் பகிர்ந்துகொள்வோம், சமூக நீதியை இதிலிருந்து தொடங்குவோம் என்றது துண்டறிக்கை. போலீஸாரைப் பாராட்டுவதற்கான ஆண்டு விழா நாளும் அந்த மாதத்தில்தான் வந்தது. பூங்கொத்துகளோடு போய் ரோந்துப் போலீஸாருக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வாழ்த்தியவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். 1987 நவம்பர் 6. ரஷ்ய அக்டோபர் புரட்சியின் 70ஆம் ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள். சில நாட்களாகவே கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஒரு துண்டறிக்கை கைமாறிக்கொண்டிருந்தது. கட்சியின் அறிக்கை நடையிலேயே எழுதியிருந்தார்கள். தோழர்களே, மக்கள் திரளின் மந்தநிலையை உடைக்கும் நேரம் வந்துவிட்டது, எல்லோரும் சிவப்பு அணிந்து வாருங்கள். சிவப்புக் காலணி, சிவப்புத் தொப்பி, சிவப்புக் கழுத்துத் துண்டு, நகப்பூச்சு, எதுவானாலும் சரி. சிவப்பில் ஒன்றுமே இல்லாதவர்கள் கெட்சப் தடவிய ரொட்டி ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாலை நான்கு மணிக்குத் தெருக் கடிகாரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. ஸ்விட்னிட்ஸ்கா தெருவின் 'பார்பரா' என்ற சிற்றுண்டிச்சாலையில் சிவப்பு பீட்ரூட் சூப் கேட்டுப் பலர் வரிசையில் நின்றார்கள். ரஷ்யப் புரட்சிகளின் சின்னங்களான பொதெம்கின் போர்க்கப்பலையும் அவுரோரா கப்பலையும் அட்டையில் செய்து தோளில் மாட்டிக்கொண்டு சிலர் வந்தார்கள். அட்டைக் கப்பல்களைப் பறித்து நசுக்கும் வேலை சீருடைக்காரர்கள் தலையில் விழுந்தது. சிவப்பாகத் தெரிந்தவர்களையெல்லாம் பிடித்தார்கள். கெட்சப் ரொட்டி வைத்திருந்தவர்களையும் பிடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காவலில் போனார்கள்.

இப்போது அரசின் நிலையை எண்ணிப் பாருங்கள். மறுநாள் காலை இதே அரசு சிவப்புக் கொடி கட்டி, இதே புரட்சியைக் கொண்டாடப்போகிறது. முந்தைய மாலையில் அதே புரட்சியை வாழ்த்தி முழங்கியவர்களைச் சிவப்புச் சட்டை போட்ட குற்றத்துக்காக வேனில் அடைத்திருக்கிறது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. அவர்கள் உண்மையில் நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னால், சிவப்பும் புரட்சியும் ஊரில் கேலிப்பொருளாகிவிட்டன என்று ஒப்புக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் அடுத்த முறை இரண்டு மடங்கு கூட்டம் வரும்.

டிசம்பரில் புனித நிக்கலாஸ் தாத்தாக்கள் வந்தார்கள். அவர்களையும் பிடித்தார்கள். வெள்ளைத் தாடியும் சிவப்பு அங்கியும் போட்ட தாத்தாவைப் போலீஸ்காரர்கள் இழுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு குடிமகனுக்கு எந்தப் பிரசங்கமும் தேவைப்பட்டிருக்காது.

கூட்டமே கலை

நாற்பது ஆண்டுகளாக அந்த நாட்டில் அரசியல் நகைச்சுவைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சமையலறையில், மீன்பிடிக்கப் போன இடத்தில், நம்பிக்கையான நண்பர்களுக்கு நடுவில் கட்சிக்காரர்களைப் பற்றிய துணுக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஸ்டாலின் காலத்தில் அப்படிச் சொன்னதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. ஆனாலும் அந்தச் சிரிப்புகளால் ஆட்சி அசையவில்லை. சுவருக்கும் காது உண்டு என்று குரலைத் தாழ்த்திச் சிரித்தவர், மறுநாள் காலை மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்து நடந்தார். ரகசியச் சிரிப்பு பயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொள்கிறது. அதைத் தெருவுக்குக் கொண்டுவந்து, அறிமுகமில்லாத நானூறு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிக்கும்படி செய்தபோதுதான் விஷயம் மாறியது. பக்கத்தில் நிற்பவரும் நம்மைப் போலத்தான் நினைக்கிறார் என்பது அங்கே ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. சர்வாதிகாரம் மறைத்து வைக்கும் மிகப் பெரிய ரகசியம் அதுதான்.

போலந்து மக்கள் இதன் சுவையை முன்பே ஒருமுறை அறிந்திருந்தார்கள். 1982 பிப்ரவரியில் ஸ்விட்னிக் என்ற சிற்றூரில், மாலை ஏழரை மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கியதும் மக்கள் கூட்டம் கூட்டமாக வீட்டைவிட்டு வெளியே வந்து தெருவில் உலாவத் தொடங்கினார்கள். பொய்ச் செய்தியை நாங்கள் பார்க்கவில்லை என்பதை ஊருக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைத் திருப்பி ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்துவிட்டு வந்தார்கள். நிர்வாகம் அந்த ஊருக்கு ஊரடங்கு நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. உலாவப் போவதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டிய நிலைக்கு ஓர் அரசு வந்தால், அதன் பலவீனம் ஊர் கண்ணில் பட்டுவிடுகிறது.

ஆரஞ்சு மாற்று இந்தப் பாடத்தை முழுமையாக்கியது. சாலிடாரிட்டியின் ஆர்ப்பாட்டத்துக்குப் போவதென்றால் கண்ணீர்ப் புகைக்கும் தடியடிக்கும் தயாராகப் போக வேண்டும். வேலை போகும், பிள்ளைகளின் படிப்பு பாழாகும். ஒரு காகிதத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதற்கு அவ்வளவு துணிச்சல் வேண்டாம். கேட்டால் விளையாட்டு என்று சொல்லலாம். பதினாறு வயதுப் பள்ளி மாணவி வரலாம். கட்டைப் பையோடு கடைக்கு வந்த பாட்டி வேடிக்கை பார்க்க நிற்கலாம். வேடிக்கை பார்த்தவரே சட்டத்தின் பார்வையில் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதற்கு வடத்தின் நுனி எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும். அந்த நுனியை இவர்கள் நீளமாக விட்டார்கள்.

விசாரணை அறையிலும் இதே கதைதான். சித்திரக்குள்ளர்களின் சட்டவிரோதக் கூட்டத்தில் ஏன் கலந்துகொண்டாய் என்று ஓர் அதிகாரி முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டால், அவரை எப்படி மதிக்க முடியும் என்று மேஜர் பின்னாளில் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கிறபோது அந்த அதிகாரிக்கும் தன் வேலை எவ்வளவு அபத்தமானது என்று தோன்றாமலா போயிருக்கும்? 1987 ஜூன் 1ஆம் தேதி, குழந்தைகள் தினத்தன்று, முதல் குள்ளர் ஊர்வலம் நடந்தது. தொப்பி போட்டவர்கள் வழிப்போக்கர்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். போலீஸ் பிடித்தபோது யாரும் முரண்டு பிடிக்கவில்லை. வேனில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியாகக் கூட்டத்தை நோக்கி மிட்டாய் எறிந்தார்கள். தடியை ஓங்குவதற்கு எதிராளியின் முகத்தில் கோபமோ பயமோ தெரிய வேண்டும். அந்த இரண்டும் இல்லாத முகத்தின் எதிரில் தடி கையிலேயே நின்றுவிடுகிறது.

விலை இல்லாமல் இல்லை

எதிர்ப்பு இயக்கத்திலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. தோழர்கள் செத்திருக்கிறார்கள், சிறையில் கிடக்கிறார்கள், இவர்கள் கோமாளித்தனம் செய்கிறார்கள் என்ற முணுமுணுப்பு இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வூயெக் சுரங்கத்தில் தம்பியைப் பறிகொடுத்த ஒருவரிடம் போய்த் தொப்பியை நீட்ட முடியாது. துப்பாக்கி நீட்டத் தயாராக இருக்கும் அரசின் எதிரில் இந்த முறை செல்லுபடியாகாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1981 டிசம்பரில் ஸ்விட்னிட்ஸ்கா தெருவில் ஆயிரம் குள்ளர்கள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. அரசு தயங்கத் தொடங்கிய காலத்தைச் சரியாகக் கண்டுகொண்டதில்தான் இவர்களின் கூர்மை இருக்கிறது.

தயங்கிய அரசும் கடித்தது. 1988 மார்ச் 8, மகளிர் தினம். அரசு விழாக்களில் பெண்களுக்குப் பூ கொடுத்துப் பாராட்டுவது வழக்கம். கடைகளில் பெண்களுக்கான மாதவிடாய் நாப்கின் கிடைக்காது. மேஜர் தெருவில் நின்று பெண்களுக்கு நாப்கின் கொடுத்தார். மகளிர் தினத்தன்று பெண்களுக்கு உண்மையில் எது தேவை என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். நாடெங்கும் அறிவுஜீவிகளும் கலைஞர்களும் கண்டனம் எழுப்பினார்கள், வ்ரோத்ஸ்வாஃபில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். மேல்முறையீட்டில் அந்த மாத இறுதியிலேயே அவரை விட வேண்டியதாயிற்று.

இந்த வழி பின்னாளில் வேறு தேசங்களிலும் தென்பட்டது. செர்பியாவில் 1998இல் பெல்கிரேட் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய 'ஓட்போர்' இயக்கம், நகரின் முக்கியக் கடைத்தெருவில் ஒரு பழைய தகரப் பீப்பாயை நிறுத்தியது. அதில் அதிபர் மிலோஷெவிச்சின் முகம். பக்கத்தில் ஒரு கட்டை. ஒரு தினார் போட்டால் ஓங்கி ஓர் அடி அடிக்கலாம். வைத்தவர்கள் காபிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைக்கு வந்த குடும்பங்கள் வரிசை கட்டி அடித்தன. வந்த போலீஸாருக்குக் கைது செய்ய ஆள் கிடைக்கவில்லை, அடித்தவர்களெல்லாம் பொதுமக்கள். கடைசியில் பீப்பாயைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போலீஸ் பீப்பாயைக் கைது செய்த படத்தை ஊரே பார்த்தது. 2000 அக்டோபர் 5ஆம் தேதி மிலோஷெவிச்சின் ஆட்சி சரிந்தபோது தெருவில் நின்ற லட்சக்கணக்கானோரில், அந்த இயக்கத்தின் வழியாக முதன்முதலில் தெருவுக்கு வந்த இளைஞர்கள் ஏராளம். அங்கும் சிரிப்பு தனியாக ஆட்சியைக் கவிழ்க்கவில்லை. தேர்தல் முடிவைக் காக்க எழுந்த சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தமும், எதிர்க்கட்சிகளின் ஒற்றுமையும் இல்லாமல் அது நடந்திருக்காது.

பத்தாயிரம் தொப்பிகள்

1988 ஏப்ரல், மே மாதங்களில் போலந்தில் மறுபடியும் வேலைநிறுத்த அலை எழுந்தது. அரசு அதை அடக்கியது. அடக்கிய சூடு ஆறுவதற்குள் ஜூன் 1 வந்தது. சென்ற ஆண்டு சில நூறு பேர் நடந்த அதே ஸ்விட்னிட்ஸ்கா தெருவில் அன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூம்புத் தொப்பியோடு நடந்தார்கள். குள்ளர்கள் இல்லாமல் சுதந்திரம் இல்லை என்று முழங்கினார்கள். சாலிடாரிட்டி இல்லாமல் சுதந்திரம் இல்லை என்பதுதான் தடைசெய்யப்பட்ட அசல் முழக்கம். ஒவ்வொரு முறை குள்ளர் பெயரைக் கேட்டபோதும் காதில் விழுந்தது அந்தத் தடைசெய்யப்பட்ட பெயர்தான். போலீஸால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. பத்தாயிரம் பேரை ஏற்ற ஊரில் வேன் கிடையாது.

மரியா ஸ்மார்ஷ் கொட்சானோவிச் இயக்கி 1989இல் வந்த ஆவணப்படம் ஒன்று அந்தக் காலத்தைப் பதிவு செய்திருக்கிறது. 'மேஜர் அல்லது குள்ளர்களின் புரட்சி' என்று பெயர். அமெரிக்க வரலாற்றாய்வாளர் பாட்ரிக் கென்னி 1989ஆம் ஆண்டுப் புரட்சிகளைப் பற்றி 2002இல் எழுதிய நூலில், பெரிய தலைவர்களின் பேச்சுவார்த்தை மேசைக்கு முன்னால் இப்படிப்பட்ட சிறு இயக்கங்கள் தெருவில் நடத்திய திருவிழாவைத்தான் முன்னிறுத்துகிறார். அவர் சொல்வது எனக்குச் சரியென்றே படுகிறது. 1988 ஆகஸ்டில் மீண்டும் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அவற்றில் ஒரு புதிய தலைமுறை முன்னால் நின்றது. 1981இல் பள்ளிச் சிறுவர்களாக இருந்து, தோல்வியை மட்டுமே கேள்விப்பட்டு வளர்ந்த தலைமுறை அது. தெருவில் கூடினால் என்ன ஆகும் என்ற பயத்தை அவர்களில் எத்தனையோ பேர் தொப்பி போட்டுக்கொண்டு உடைத்திருந்தார்கள்.

1989 பிப்ரவரியில் அரசும் சாலிடாரிட்டியும் வட்டமேசையில் உட்கார்ந்தன. ஜூன் 4ஆம் தேதி ஓரளவு சுதந்திரமான தேர்தல் நடந்தது. செனட்டின் 100 இடங்களில் 99ஐ சாலிடாரிட்டி வேட்பாளர்கள் வென்றார்கள்.

அந்தத் தேர்தலில் வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து செனட்டுக்கு மேஜரும் நின்றார், சாலிடாரிட்டியின் பட்டியலில் சேராமல். தோற்றுப்போனார். ஓராண்டுக்கு முன் அவருடைய துண்டறிக்கையைப் படித்துத் தொப்பி செய்த ஊர் அவருக்கு வாக்களிக்கவில்லை. இதை நன்றிகெட்டத்தனம் என்று வருந்துகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. யாரையும் பின்பற்றி நடக்க வேண்டாம் என்றுதான் அந்தத் தெருவில் அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். வாக்குச் சாவடிக்குள் தனியாகப் போன மக்கள், அடுத்த அரசை அமைக்கக்கூடியவர்கள் யார் என்று தாங்களாகவே யோசித்து வாக்களித்தார்கள். ஆகஸ்டில் ததேயுஷ் மஸோவியெட்ஸ்கி பிரதமரானார், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் கம்யூனிஸ்ட் அல்லாத முதல் பிரதமர். மேஜர் பாரிஸுக்குப் போனார். பிறகு திரும்பிவந்து வார்சா மேயர் தேர்தலில் நின்றார், மறுபடியும் தோற்றார். 2004இல் உக்ரைனில் ஆரஞ்சுப் புரட்சி நடந்தபோது, பார்த்தவர்களையெல்லாம் ஆளுக்குச் சில வரிசை பின்னச் சொல்லி ஒரு பெரிய ஆரஞ்சுக் கழுத்துத் துண்டைத் தயார் செய்து கீவ் நகரத்துக்கு எடுத்துப்போனார்.